கேம்பிங் அடுப்பில் சுடச்சுட இனிப்பு: முதன்முறை பொரிப்பவர்களுக்கு

நாள் முழுக்க நடந்து, கூடாரம் அடித்து முடித்த மாலையில் சுடச்சுட இனிப்பு ஒன்று கைக்கு வந்தால், அலுப்பெல்லாம் பறந்துவிடும். நான் செய்வது, மைதா மாவை வட்டமாகத் தட்டி எண்ணெயில் பொரித்து, சர்க்கரையில் புரட்டும் இனிப்பு. அதற்கு ஓவனும் வேண்டாம், பீட்டரும் வேண்டாம். ஆனால் திறந்த வெளியில் காயும் எண்ணெயோடு வேலை செய்வது விளையாட்டு இல்லை. அதனால் முக்கால்வாசி வேலையை வீட்டிலேயே முடித்துவிடுவேன். அடுப்பு முன்னால் நிற்கும்போது எண்ணெயைத் தவிர வேறெதிலும் கவனம் போகக் கூடாது.

கிளம்புவதற்கு முன்

இந்த அளவுக்குப் பதினாறு, பதினேழு வட்டங்கள் வரும். நான்கு பேருக்குத் தாராளம்.

- மைதா 250 கிராம் (ஏறக்குறைய 2 கப்)
- பால் பவுடர் 2 மேசைக்கரண்டி
- சர்க்கரை 2 மேசைக்கரண்டி
- பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி
- உப்பு கால் தேக்கரண்டி

எல்லாவற்றையும் கலந்து, ஈரமில்லாத ஜிப் கவரில் போட்டு மூடுங்கள். தண்ணீர் படும்வரை பேக்கிங் பவுடர் சும்மா இருக்கும் என்பதால் கலவை பல நாள் தாங்கும். மேலே புரட்டுவதற்கு அரை கப் பொடித்த சர்க்கரையுடன் ஏலக்காய்த்தூளோ பட்டைத்தூளோ சேர்த்து, மூடி போட்ட டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாவில் சர்க்கரை குறைவாக இருக்கிறதே என்று அள்ளிப் போட்டுவிடாதீர்கள். சர்க்கரை கூடினால் வெளிப்புறம் சீக்கிரம் கறுக்கும், உள்ளே மாவு பச்சையாகவே நிற்கும். இனிப்பை வெளியே புரட்டிச் சேர்ப்பதுதான் சரி.

எண்ணெய் அரை லிட்டர் போதும். 20 செ.மீ. அகலப் பாத்திரத்தில் அது ஒன்றரை செ.மீ. உயரத்துக்கு நிற்கும். தட்டையாகத் தட்டிய வட்டத்துக்கு அதுவே தாராளம். பாத்திரம் கனமாக, அடி தட்டையாக, குறைந்தது 10 செ.மீ. உயரம் உள்ளதாக இருக்கட்டும். அதற்குப் பொருந்தும் மூடியை மறக்கவே கூடாது. நீளக் கைப்பிடி உள்ள ஜல்லிக்கரண்டி, இடுக்கி, டிஷ்யூ பேப்பர், எண்ணெயைத் திரும்ப ஊற்ற உலோக பாட்டில் ஆகியவையும் வேண்டும்.

இடம் பார்ப்பது

கூடாரத்துக்குள்ளோ அதன் வாசல் மறைப்புக்குள்ளோ ஒருபோதும் அடுப்பு பற்றவைக்காதீர்கள். துணி தீப்பிடிப்பது ஒரு ஆபத்து என்றால், கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத கார்பன் மோனாக்சைடு இன்னொன்று. கூடாரத்திலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி, மட்டமான தரையில் அடுப்பை வையுங்கள். பாத்திரத்தைக் காலியாக வைத்து லேசாக அசைத்துப் பாருங்கள். ஆடினால் இடத்தை மாற்றுங்கள்.

புதிதாகச் செய்பவர்களுக்கு கேஸ் அடுப்புதான் என் பரிந்துரை. தீயைக் கூட்டலாம், குறைக்கலாம், நினைத்த நொடியில் அணைக்கலாம். விறகுதான் என்றால், முதலில் அந்த இடத்தில் நெருப்பு மூட்ட அனுமதி உண்டா என்று பாருங்கள். பிறகு தழல் முழுக்க அடங்கி, கங்கின் மேல் சாம்பல் பூக்கும்வரை காத்திருங்கள். நாக்கு நீட்டும் தீயின் மேல் எண்ணெய்ப் பாத்திரத்தை வைக்கக் கூடாது.

இருட்டுவதற்கு முன்பே பொரித்து முடியுங்கள். ஹெட்லைட் வெளிச்சத்தில் பொன்னிறமும் கருகலும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிந்தன. அன்று ஒரு ஈடு முழுக்க வீணானது.

மாவு பிசைதல்

கலவையில் 150 மில்லி தண்ணீரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கவருக்குள்ளேயே பிசையலாம். மாவு ஒன்று திரண்டதும் நிறுத்திவிடுங்கள். அழுத்தி அழுத்திப் பிசைந்தால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். பத்து நிமிடம் ஊறட்டும். அதற்குமேல் வெகுநேரம் வைத்தால் உப்பும் தன்மை குறையும்.

கையில் எண்ணெய் தடவி, நெல்லிக்காய் அளவு உருட்டி, அரை செ.மீ. கனத்துக்குத் தட்டி, நடுவில் விரலால் ஓர் ஓட்டை போடுங்கள். உருண்டையாகவே போட்டால் நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேர்வதற்குள் மேல்புறம் கருகிவிடும். ஆரம்பத்தில் நானும் உருண்டைதான் போட்டேன். கடித்தால் உள்ளே பசைபோல ஒட்டியது. தட்ட ஆரம்பித்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

பொரித்தல்

எண்ணெய் 170 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் சிறு துளி மாவைப் போட்டுப் பாருங்கள். அடியிலேயே கிடந்தால் இன்னும் காயவில்லை. போட்டதும் பொரிந்து கறுத்தால் அதிகம். இரண்டு மூன்று நொடியில் நிதானமான குமிழிகளோடு மேலே வந்தால் அதுதான் பதம். புகை வந்துவிட்டால் உடனே அடுப்பை அணைத்து ஆறவிடுங்கள்.

ஒரு ஈட்டுக்கு மூன்று அல்லது நான்குதான். கூட்டமாகப் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கிவிடும். காற்றடிக்கும் இடத்தில் இந்த இறக்கம் இன்னும் வேகமாக நடக்கும். வட்டத்தை விரல் நுனியில் பிடித்து, உங்களிடமிருந்து விலகும் திசையில் எண்ணெயில் சரியவிடுங்கள். தெறித்தாலும் உங்கள் பக்கம் வராது. ஒரு பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம். முதல் வட்டத்தை எடுத்ததும் பிய்த்துப் பாருங்கள். நடுவில் ஈரம் தெரிந்தால் தீயைக் குறைத்து, அடுத்ததை இன்னும் மெலிதாகத் தட்டுங்கள்.

பொரியும்போது எழும் குமிழிகள் மாவிலிருந்து வெளியேறும் நீராவி. அது வெளியே தள்ளும்வரை எண்ணெய் பெரிதாக உள்ளே நுழையாது. எடுத்த பிறகு ஆறும்போதுதான் மேலே ஒட்டிய எண்ணெயை மாவு உறிஞ்சும். அதனால் ஜல்லிக்கரண்டியில் நன்றாக உதறி, உடனே டிஷ்யூவில் வைத்து இரண்டு பக்கமும் ஒற்றிவிடுங்கள். ஒரு நிமிடம் கழித்து, சூடு இருக்கும்போதே சர்க்கரை டப்பாவில் போட்டுக் குலுக்குங்கள்.

மாவில் போடும் சர்க்கரைக்குப் பதிலாக, பிசையும்போது நன்கு கனிந்த வாழைப்பழம் ஒன்றை மசித்துச் சேர்க்கலாம். அப்போது தண்ணீரைப் பாதியாகக் குறைத்து, தேவைப்பட்டால் மட்டும் சேருங்கள். இது சீக்கிரம் சிவக்கும். தீ மிதமாக இருக்கட்டும்.

தீப்பிடித்தால், சுட்டுக்கொண்டால்

எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை நாலாபுறமும் வீசியடிக்கும். அடுப்பை அணைத்து, மூடியைப் பாத்திரத்தின் மேல் நகர்த்தி மூடுங்கள். முழுக்க ஆறும்வரை திறக்காதீர்கள், தூக்கவும் செய்யாதீர்கள்.

கையில் சூடு பட்டால் 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். ஐஸ், பற்பசை, எண்ணெய் எதுவும் வேண்டாம். இதற்காகவே ஒரு கேன் தண்ணீர் தனியாக இருக்கட்டும், அடுப்பிலிருந்து எட்டி. பொரிப்பவர் செருப்பில்லாமல் மூடிய ஷூ போட்டிருக்க வேண்டும். குழந்தைகள் அடுப்புப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ள ஒருவரை நிறுத்திவிடுங்கள்.

மிச்ச எண்ணெய்

மண்ணிலோ ஓடையிலோ கொட்ட வேண்டாம். தண்ணீர் கெடும், வாசனைக்கு விலங்குகள் தேடி வரும். நன்றாக ஆறியதும் பாட்டிலில் ஊற்றி வீட்டுக்கே கொண்டுவாருங்கள். பாத்திரத்தைக் கழுவும் முன் டிஷ்யூவால் துடைத்து, அந்த டிஷ்யூவைக் குப்பைப் பையில் கட்டுங்கள். அந்தப் பையையும் சர்க்கரை டப்பாவையும் இரவில் கூடாரத்துக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள்.