ஆசிட் லைனுக்கு எந்த டயாஃப்ரம்? மணலியில் பட்டுத் தெரிந்தது

டயாஃப்ரம் வால்வுக்குள் அழுந்தி ஓட்டத்தை அடைக்கும் வளையும் தகடுதான் டயாஃப்ரம். வால்வு கழற்றத் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். பிரஷரை இறக்குவது, லைனைக் கழுவுவது, கையுறை மாட்டுவதெல்லாம் நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ன?

முதலில் லைனில் என்ன ஓடுகிறது என்று கேளுங்கள். ‘ஆசிட்’ என்ற ஒற்றைப் பதிலோடு திரும்பிவிடாதீர்கள். நான் அப்படித்தான் திரும்பினேன். மணலியில் ஒரு கம்பெனியின் கழிவுநீர்ப் பிரிவு. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் லைனில் ஒரு இஞ்ச் வால்வு. நீர்த்த ஆசிட்தானே என்று லிங்கி செட்டித் தெருவில் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரில் செய்த டயாஃப்ரம் வாங்கி மாட்டினேன். மூன்றே வாரத்தில் ஹேண்ட்வீல் அசையவில்லை. திறந்தால் டயாஃப்ரம் தயிர்வடை மாதிரி ஊறிக் கிடக்கிறது.

விசாரித்தால், அது வேறொரு ரசாயனம் தயாரிக்கும்போது உபரியாக வரும் ஆசிட். விலை மலிவு, கூடவே கொஞ்சம் டொலுயின் என்ற கரைப்பான். ஈ.பி.டி.எம்.முக்கு ஆசிட் ஒத்துக்கொள்ளும். எண்ணெயும் கரைப்பானும் ஆகவே ஆகாது. அதனால் நாலு கேள்வி: என்ன ஓடுகிறது, கூட என்ன கலந்து வருகிறது, எவ்வளவு சூடு, லைனைக் கழுவ எதை விடுகிறார்கள்? பதிலை எழுதியே வாங்குங்கள்.

அப்புறம் வேலை சுலபம். மணலும் சேறும் வரும் தண்ணீருக்கு இயற்கை ரப்பர். டீசல், எண்ணெய்க்கு நைட்ரைல் ரப்பர். வெந்நீர், காஸ்டிக் சோடாவுக்கு ஈ.பி.டி.எம். டொலுயின் மாதிரி கரைப்பானுக்கு ‘விட்டான்’ (Viton) என்ற ரப்பர். ஆனால் அசிட்டோன் பட்டால் அதுவும் உப்பிவிடும். ப்ளீச்சிங் திரவத்துக்குக் கடையில் ஹைப்பலான் என்ற ரப்பரைச் சொல்வார்கள். டுபாண்ட் கம்பெனி அதைச் செய்வதை 2010இல் நிறுத்திவிட்டது. இப்போது கிடைப்பது மற்றவர்கள் செய்யும் அதே வகை ரப்பர்.

சந்தேகமான ஆசிட் என்றால் என் ஓட்டு டெஃப்லானுக்கு. ஆசிட் படும் முகம் டெஃப்லான், முதுகுக்கு ரப்பர். விலை கூடுதல், மணல் வந்தால் கீறும், ரப்பர் போல வளைந்து கொடுக்காது. ஆனாலும் அந்த மணலி வால்வில் அதைத்தான் போட்டேன். ஆசிட்டை மாற்றச் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

கறுப்பு ரப்பர் எல்லாம் பார்க்க ஒன்றுதான். எந்த ரப்பர் என்று ஓரத்தில் வார்த்த எழுத்து இல்லாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பிற்சேர்க்கை: புது டயாஃப்ரம் போட்டும் ஓரம் கசிகிறது என்று எண்ணூர் ஃபிட்டர் ஒருவர் கேட்டார். திருகி மாட்டும் வகையென்றால், முழுக்கத் திருகிவிட்டு போல்ட் ஓட்டைகள் நேராக வரும்வரை பின்னால் திருப்புங்கள். பின்னால் திருப்பாமல் விட்டால் நடுவில் இழுபட்டுக் கிழியும். வால்வைக் கொஞ்சம் திறந்து வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். மறுநாள் லைனை நிறுத்திவிட்டு இன்னொரு சுற்று. அவர் விட்டது அந்தக் கடைசிச் சுற்றைத்தான்.