கலங்கிய மாம்பழச் சைடரைத் தெளிய வைப்பது எப்படி?

கச்சான் காற்று தொடங்கிவிட்டால் எங்கள் வளவில் மாங்காய் மரத்தில் நிற்காது. இரண்டு கறுத்தக்கொழும்பான், ஒரு விலாட்டு. விடிய எழும்பிப் போனால் கூடை கூடையாக நிலத்தில் கிடக்கும். பழுக்கிறதைப் பழுக்க வைத்துச் சாப்பிட்டு, அயலுக்கும் கொடுத்து, மிச்சத்தை நொதிக்க வைத்துச் சைடராக்குகிறேன். குடிப்பதற்கு அல்ல. அதை வினாகிரியாக்கினால் ஊறுகாய்க்கும் சமையலுக்கும் ஒரு வருடம் காணும்.

போன தடவை 10 லீற்றர் போட்டேன். நுரையெல்லாம் அடங்கி ஐந்து கிழமை ஆகியும் அரிசி கழுவின தண்ணீர் மாதிரியே நின்றது. அதைத் தெளிய வைத்த கதைதான் இது. நொதிக்க வைப்பது எப்படி என்று இங்கே எழுதவில்லை. குமிழி நின்று, நிறம் கலங்கி, என்ன செய்வது என்று பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

1. நொதித்து முடிந்ததா என்று பாருங்கள்

எங்கள் வெக்கைக்கு ஈஸ்ட் வேகமாக வேலை செய்யும், ஆனால் குமிழி நின்றதை மட்டும் நம்ப வேண்டாம். திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீற்றரில் 1.000 அல்லது அதற்குக் கீழே வந்து, மூன்று நாள் அதே இலக்கத்தில் நிற்க வேண்டும். முடிந்த பிறகும் உள்ளே வாயு கரைந்திருக்கும். அது மண்டியை அடியில் படிய விடாது. கொதிநீரில் கழுவின நீளக் கரண்டியால் ஒரு நாள் இரண்டு மூன்று தரம் மெதுவாகக் கலக்கி வாயுவை வெளியேற்றிவிட்டு, அப்புறம் ஆட்டாமல் அசைக்காமல் ஒரு கிழமை விடுங்கள்.

2. மண்டியிலிருந்து பிரியுங்கள்

வாளியைச் சரித்து ஊற்றினால் படிந்ததெல்லாம் திரும்ப எழும்பும். வாளியை உயரத்தில் வைத்து, ரியூப் வழியாகக் கீழே இருக்கும் இன்னொரு பாத்திரத்துக்கு இறக்குங்கள். ஹாட்வெயாரில் மேசன்மார் மட்டம் பார்க்க வாங்கும் லெவல் ரியூப் இரண்டு மீற்றர் போதும். புதிதாக வாங்குங்கள், சீமெந்து வேலைக்குப் பாவித்தது வேண்டாம். ரியூப்பின் ஒரு நுனியை ஒரு தடியில் கட்டுங்கள், தடி அதைவிட இரண்டு விரல் கீழே நீட்டிக்கொண்டிருக்கட்டும். தடி அடியைத் தொட்டாலும் ரியூப் மண்டியைத் தொடாது. வாயால் உறிஞ்சித் தொடங்காதீர்கள். கொதித்தாறின தண்ணீரை ரியூப்பில் நிரப்பித் தொடங்கினால் சுத்தம்.

கீழே வைக்கும் பாத்திரம் கண்ணாடியாகவோ, 5 லீற்றர் தண்ணீர்ப் போத்தலாகவோ இருந்தால் நல்லது. நிற வாளியில் தெளிகிறதா இல்லையா என்று கடைசி வரைக்கும் தெரியாது.

3. குளிர வையுங்கள்

ஈஸ்டால் வரும் கலங்கல் என்றால் குளிருக்கே அடங்கிவிடும். பிரிஜ்ஜில் ஐந்து நாள் முதல் பத்து நாள் வரை. எங்கள் பிரிஜ்ஜில் அவ்வளவு இடமில்லை. மீன்காரரிடம் பழைய ரெஜிபோம் பெட்டி ஒன்று கேட்டு வாங்கி, நன்றாகக் கழுவி, போத்தல்களை அடுக்கி நடுவில் ஐஸ் போட்டேன். முல்லைத்தீவுப் பக்கம் ஐஸுக்குப் பஞ்சமில்லை. காலை மாலை ஐஸ் மாற்ற வேண்டும். ஐஸ் கரைந்த தண்ணீர் மூடிக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

போத்தலுக்குப் பின்னால் பத்திரிகையைப் பிடித்துப் பாருங்கள். எழுத்து வாசிக்க முடிந்தால் வேலை முடிந்தது. எனக்குத் தலையங்கம்கூடத் தெரியவில்லை.

4. எந்தக் கலங்கல் என்று கண்டுபிடியுங்கள்

நான் மூன்று கிழமை வீணாக்கியது இங்கேதான். கலங்கல் எல்லாம் ஒன்று என்று நினைத்து ஒன்றன்பின் ஒன்றாக எதையாவது போட்டுக்கொண்டிருந்தேன். முதலில் சோதித்திருந்தால் ஒரு மாலையில் விடை கிடைத்திருக்கும்.

பாமசியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்குங்கள். சின்னக் கண்ணாடிக் கிளாசில் ஒரு தேக்கரண்டி சைடர், அதற்கு மேல் நான்கு தேக்கரண்டி ஸ்பிரிட். ஒரு தரம் மெல்லச் சுழற்றி அரை மணித்தியாலம் விடுங்கள். நான் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு நடுவில் வெள்ளையாக ஒரு நூல், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கடைசியில் இடியப்பத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டது மாதிரி வழுவழுப்பாகத் திரண்டு மேலே வந்தது. அதுதான் பெக்டின். ஜாமை இறுக வைக்கும் அதே பொருள். இந்தக் கிளாசில் இருப்பதை நாக்கில் வைக்கக்கூடாது, அப்படியே ஊற்றிவிடுங்கள். அடுப்புக்குப் பக்கத்திலும் செய்ய வேண்டாம்.

எனக்கு ஏன் இவ்வளவு பெக்டின்? சாறு கூட வரும் என்று பழச்சதையைக் கொதிக்க வைத்தேன். கொதித்தால் சதையிலிருக்கும் பெக்டின் சாற்றுக்குள் இறங்கும். அதை உடைக்கக்கூடிய, பழத்திலேயே உள்ள நொதியமும் சூட்டில் அழிந்துவிடும். மாம்பழத்தைக் கொதிக்க வைக்காதீர்கள். நசித்து, துணியில் கட்டிப் பிழியுங்கள். குறைவாக வந்தாலும் பரவாயில்லை.

5. பெக்டினுக்கு மருந்து

என் முதல் தெரிவு பெக்டினை உடைக்கும் பெக்டினேஸ் நொதியம். கொழும்பில் உணவு இரசாயனம் விற்கும் கடைகளில் எடுக்கலாம். இதை நொதிக்க முன்னர் சாற்றில் போடுவதுதான் முறை. அற்ககோல் வந்த பிறகு அதன் வேகம் குறையும், அதனால் பொதியில் சொன்ன அளவைப் போல இரண்டு மடங்கு போட்டேன். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகு போடுங்கள். இந்த வேலைக்கு எங்கள் வெக்கை நல்லது. ஆறாம் நாள் மேலேயிருந்து நாலு விரல் உயரத்துக்குத் தேன் நிறம் தெரிந்தது. இரண்டாம் கிழமை முடிவில் பத்திரிகையை வாசித்தேன்.

நொதியம் கிடைக்காவிட்டால் பிளேன்ரீயும் ஜெலற்றினும். மாம்பழச் சைடரில் துவர்ப்புக் குறைவு. ஜெலற்றின் பிடித்து இழுக்கத் துவர்ப்பு வேண்டும். 10 லீற்றருக்கு ஒரு கோப்பை கடும் பிளேன்ரீ, சீனியில்லாமல், ஆறவைத்து ஊற்றிக் கலக்குங்கள். மறுநாள் அரைத் தேக்கரண்டி ஜெலற்றினை அரைக் கோப்பை குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, கரையும் வரை மட்டும் சூடாக்குங்கள். கொதித்தால் அதன் பிடிப்புப் போய்விடும். ஊற்றி, கலக்கி, திரும்பக் குளிரில் வையுங்கள். கூடப் போட்டால் கூடத் தெளியும் என்றில்லை, மிஞ்சிய ஜெலற்றினே கலங்கலாக நிற்கும். கடும் பெக்டினுக்கு நொதியம் அளவுக்கு இது வேலை செய்யாது.

தேற்றாங்கொட்டையையும் முயன்றேன். அம்மம்மா மண்பானையின் உட்பக்கத்தில் அதை உரைத்துவிட்டுக் குளத்துத் தண்ணீரை ஊற்றி வைப்பா. விடியச் சேறெல்லாம் அடியில் இருக்கும். சேற்றுத் தண்ணீருக்கு அதற்கு நிகரில்லை, ஆனால் என் சைடரில் ஒரு மாற்றமும் இல்லை. நீங்களும் முயல்வதென்றால், காட்டில் நீங்களே பொறுக்காதீர்கள். எங்கள் காடுகளில் எட்டி மரமும் நிற்கிறது, இரண்டும் ஒரே குடும்பம். எட்டிக்கொட்டை காசு போலத் தட்டை, தேற்றாங்கொட்டை மணி போலச் சிறிய உருண்டை. எட்டி கடும் நஞ்சு.

பிறகு சேர்த்தது

வவுனியாவிலிருந்து ஒரு அக்கா ஸ்பிரிட் சோதனையில் நூல் வரவில்லை, ஆனாலும் கலங்கல் போகவில்லை என்றா. காற்றில் விழுந்த காய்களைச் சரியாகப் பழுக்காமலே போட்டிருக்கிறா. அது மாப்பொருள். ஒரு கரண்டி சைடரில் ஒரு துளி அயடின் விட்டால் கருநீலமாகும். அதற்குப் பெக்டினேஸ் உதவாது, மாப்பொருளை உடைக்கும் அமைலேஸ் நொதியம் வேண்டும். அடுத்த முறை காம்பைச் சுற்றி நன்றாகக் கனிந்த பழம் மட்டும் போடச் சொன்னேன்.

இன்னொருவர் பெக்டினேஸையும், தெளிய வைக்கப் போடும் பென்ரனைற் களிமண்ணையும் ஒரே நாளில் போட்டுவிட்டார். பென்ரனைற் புரதத்தைப் பிடித்துக்கொண்டு அடியில் போகும், நொதியமும் புரதம்தான். நொதியம் போட்டு இரண்டு கிழமை கழித்தே பென்ரனைற். மாமிசம் சேர்க்காத வீடுகளில் ஜெலற்றினுக்குப் பதில் இந்த வழி சரிவரும்.

தெளிந்ததை வினாகிரிப் பரணியில் ஊற்றி, காய்ச்சாத பழைய வினாகிரி நாலில் ஒரு பங்கு சேர்த்து, வாயைத் துணியால் கட்டி வைத்தேன். மூன்றாம் கிழமை மேலே மெல்லிய ஆடை படிந்தது. அதைக் கலங்கல் என்று நினைத்து அள்ளி எறிந்துவிடாதீர்கள், வினாகிரியை உண்டாக்குவது அதுதான்.