புதுக்குட்டி வந்தால் முதல் 14 நாள்

பல்லடம் பக்கம் ஒரு நாய்க் காப்பகத்தில் ஞாயிறுதோறும் கூண்டு கழுவப் போகிறேன். தறிக்காரனுக்கு அன்றைக்குத்தான் லீவு. முதல் வருஷம் ஒரே வாரத்தில் ஏழு குட்டிகள் பார்வோ என்கிற வைரஸ் கழிச்சல் நோயில் போய்விட்டன. தப்பு எங்களுடையதுதான்: ரோட்டில் கிடந்த குட்டியை நேராக மற்றதுகளோடு விட்டுவிட்டோம்.

இப்போது எது வந்தாலும் 14 நாள் தனி அறை. வந்த அன்றே டாக்டரிடம் காட்டித் தடுப்பூசி. அப்புறம் ஐந்து மாசம் ஆகும்வரை இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி.

ஃபினாயிலை நம்பாதீர்கள். மணக்கும், பார்வோ கிருமி சாகாது. கழிச்சலை வழித்து, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகு, 15 லிட்டர் தண்ணீருக்கு அரை லிட்டர் திரவ பிளீச் கலந்து ஊற்றிப் பத்து நிமிஷம் விடுங்கள். அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்கணும். மண் தரையில் இது எடுபடாது. கிருமி மாசக்கணக்கில் கிடக்கும். சிமெண்ட் தரைதான் சரி.

நல்ல குட்டிகளின் கூண்டு முதலில், சீக்குக்குட்டியுடையது கடைசியில். அந்த அறைக்குச் செருப்பும் தனி. "அதுக்கொரு செருப்புங்களா?" என்று சமையல் அம்மணி சிரித்தார், இப்போது அவர்தான் வாசலில் நின்று எங்களை விரட்டுகிறார்.

குட்டி சோறு தின்னாமல் ஒதுங்கினாலே டாக்டருக்கு போன் போடுங்கள். ரத்தக் கழிச்சல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.