மலை இறங்கும் வானுக்கு எந்த பிறேக் பாட்?

வன்னிக்குள் ஓடும்வரை பிறேக் பாட் (சில்லோடு சுற்றும் டிஸ்க் தட்டைக் கவ்வி வாகனத்தை நிறுத்தும் உராய்வுக் கட்டை) பற்றி யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. கிளிநொச்சியில் இருந்து முல்லைத்தீவுக்குப் போனாலும் மன்னாருக்குப் போனாலும் வழியெல்லாம் சமதரை. அதே வான் 12 பேரையும் பைகளையும் ஏற்றிக்கொண்டு நுவரெலியாவில் இருந்து கம்பளைக்கு இறங்கும்போதுதான் பாட் எப்படிப்பட்டது என்று தெரியவரும்.

எனக்கு அது இறம்பொடைக்குக் கொஞ்சம் மேலே தெரியவந்தது. சீதையம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்சீற்றில் இருந்த மாமி, "தம்பி, என்னவோ கருகி மணக்குது" என்றார். முன்னால் போன லொறியின் மணம் என்று நினைத்தேன். அடுத்த வளைவில் பெடலை மிதித்தால் கல்லை மிதித்ததுபோல இருந்தது. வான் நிற்கவில்லை. இரண்டாம் கியருக்கு இறக்கி, கை பிறேக்கையும் விட்டு விட்டு இழுத்து, ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் ஒருவாறு நிறுத்தினேன். முன் சில்லு இரண்டிலும் புகை. கடைக்காரர் வாளியில் தண்ணீரோடு ஓடி வந்தார். ஊற்ற வேண்டாம் என்று கெஞ்சி மறித்தேன், அந்தச் சூட்டில் தண்ணீர் பட்டால் டிஸ்க் கோணும், அதில் வெடிப்பு விழவும் கூடும்.

வீட்டுக்கு வந்து பாட்டைக் கழற்றிப் பார்த்தேன். முகம் கண்ணாடிபோல மினுங்கியது, விளிம்பு நகத்தால் சுரண்டினாலே உதிர்ந்தது. விலை குறைவு என்று கடையில் எடுத்துத் தந்ததை நான் எதுவும் கேட்காமல் வாங்கிப் பூட்டியிருந்தேன். இப்போது வாங்குவதென்றால் கீழே உள்ள ஒழுங்கில்தான் பார்க்கிறேன்.

1. முதலில் சூட்டைக் கணக்குப் பாருங்கள்

பிறேக் செய்யும் வேலை ஒன்றுதான்: ஓட்டத்தைச் சூடாக மாற்றுவது. ஆட்களோடும் சாமானோடும் என் டொயோட்டா கேடிஎச் வான் கிட்டத்தட்ட 3 தொன் வரும். நுவரெலியாவில் இருந்து கம்பளை வரை இறக்கம் ஏறத்தாழ 1,400 மீற்றர். பள்ளிக்கூடத்தில் படித்த சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் 41 மெகாயூல் வருகிறது. அது 120 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான சூடு. எஞ்சினும் காற்றும் ஒரு பங்கைத் தாங்கும். நியூற்றலில் இறக்கினால் எஞ்சினின் பங்கும் பிறேக்கின் தலையில்தான் விழும்.

ஆகவே கடைக்குப் போகமுன் எவ்வளவு பாரத்தோடு எந்த மலை இறங்கப்போகிறோம் என்று யோசியுங்கள். வருடத்தில் ஒரு தடவைதான் மலைக்குப் போவீர்கள் என்றாலும் அந்த ஒரு நாளுக்காகத்தான் பாட் தெரிவு செய்ய வேண்டும்.

2. பாட் களைத்ததா, ஒயில் கொதித்ததா?

இது இரண்டையும் பலர் ஒன்றாகக் குழப்புகிறார்கள். பெடல் இறுக்கமாக இருந்தும் வாகனம் நிற்காவிட்டால் பாட்டின் உராய்வு சூட்டில் போய்விட்டது என்று பொருள். பெடல் பஞ்சுபோல அமிழ்ந்து கீழே போனால் பிறேக் ஒயில் கொதித்து உள்ளே ஆவி சேர்ந்துவிட்டது. முதலாவதற்குப் பாட் மாற்ற வேண்டும். இரண்டாவதற்கு எவ்வளவு விலையான பாட் போட்டும் பயனில்லை, ஒயிலைத்தான் மாற்ற வேண்டும்.

3. விளிம்பில் உள்ள இரண்டு எழுத்தைப் படியுங்கள்

பெட்டியில் உள்ள படத்தை விடுங்கள். பாட்டைக் கையில் எடுத்து விளிம்பைப் பாருங்கள். நீண்ட இலக்க வரிசையின் கடைசியில் பெரும்பாலும் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதலாவது சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு என்பது, இரண்டாவது கடும் சூட்டில் எவ்வளவு என்பது. ஈ என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35 வரை. எஃப் 0.35 முதல் 0.45 வரை. ஜீ 0.45 முதல் 0.55 வரை.

என் பழைய பாட்டில் இருந்தது எஃப் ஈ. அதாவது சூடேறினால் பிடி குறையும் என்று அதிலேயே எழுதியிருந்தது, நான்தான் பார்க்கவில்லை. பாரம் ஏற்றும் வானுக்கு எஃப் எஃப்புக்குக் கீழே போக வேண்டாம் என்பது என் முடிவு. இரண்டாம் எழுத்து முதலாவதைவிடக் குறைந்திருந்தால் ஒருதரம் யோசியுங்கள். ஆனால் இந்த எழுத்து பாட் எத்தனை மாதம் உழைக்கும் என்று சொல்லாது.

பின் தகட்டில் வட்டத்துக்குள் ஈ என்ற எழுத்தும் அருகில் 90ஆர் என்றும் இருந்தால் இன்னும் நல்லது. ஐரோப்பிய விதிப்படி சோதித்து, வாகனக் கொம்பனியின் சொந்தப் பாட்டின் பிடியில் இருந்து 15 வீதத்துக்கு மேல் விலகவில்லை என்று காட்டிய பாட் அது. எழுத்தும் இல்லை, அடையாளமும் இல்லை என்றால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

4. எதனால் செய்தது?

ஓகானிக் பாட் மென்மையானது, சத்தம் போடாது. ஊருக்குள் ஓடும் காருக்குப் போதும். கடும் சூட்டில் அதை ஒட்டிவைத்திருக்கும் பிசின் வாயுவாகி, பாட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் நின்று பிடியைக் கெடுக்கும். செமி மெற்றலிக்கில் இரும்பு, செம்பு போன்ற உலோகம் நிறையக் கலந்திருக்கும். கொஞ்சம் சத்தம் போடும், கரித்தூள் கொட்டும், டிஸ்க்கையும் சற்றுத் தேய்க்கும். ஆனால் சூட்டைத் தாங்கும். பாரத்தோடு மலைக்குப் போகிற வானுக்கும் டபிள் கப் பிக்கப்புக்கும் நான் சொல்வது இதைத்தான். செரமிக் தூசு குறைந்தது, விலை கூடியது. அந்தக் காசுக்கு நல்ல செமி மெற்றலிக்கோடு புது ஒயிலும் வாங்கலாம்.

"ரேஸ் பாட் போட்டால் என்ன அண்ணை?" என்று இளம் பெடியங்கள் கேட்கிறார்கள். பந்தயத் தடத்தில் 2 தொன் கார் ஒன்று 180 கிலோமீற்றர் வேகத்தில் இருந்து 60க்கு ஒருதரம் இறங்கினால் 2.2 மெகாயூல் சூடு வரும். அப்படித் திரும்பத் திரும்ப மிதிப்பதற்காகச் செய்த பாட் அது, நன்றாகச் சூடான பிறகுதான் கவ்வும். நமக்கு விடிய நாலு மணிக்கு ஏ9 ரோட்டில், தார்ச் சூட்டுக்குப் படுத்திருக்கும் மாட்டைக் கண்டு முதல் மிதியிலேயே நிற்க வேண்டும். குளிர்ந்த ரேஸ் பாட் அந்த இடத்தில் கைவிட்டுவிடும். ரோட்டு வாகனத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

5. ஒயிலையும் சேர்த்து மாற்றுங்கள்

பிறேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் என்பது போத்தலில் போட்டிருக்கும் ஒயிலின் தரம். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 ஆகிவிடும். டொட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. உங்கள் வானுக்கு டொட் 3 என்று எழுதியிருந்தாலும் டொட் 4 ஊற்றலாம். டொட் 5 வேறு இனம், சிலிக்கன், கலக்கவே கூடாது. இரண்டு வருடத்துக்கு ஒருதரம் முழுவதும் வடித்து மாற்றுங்கள். திறந்து வைத்த பழைய போத்தலை ஊற்ற வேண்டாம்.

6. பூட்டும்போது

டிஸ்க்கின் ஆகக் குறைந்த தடிப்பு அதிலேயே பொறித்திருக்கும், அளந்து பாருங்கள். நம் கிரவல் பாதைத் தூசு கலிப்பர் (பாட்டை டிஸ்க்கோடு அழுத்தும் கவ்வி) அசையும் பின்களில் போய் இறுகும். கழற்றித் துடைத்து, சூடு தாங்கும் கிறீஸ் பூசுங்கள். சாதாரண கிறீஸ் உருகிப் பாட்டில் வழியும். தூசைக் காற்றடித்துப் பறக்கவிடாமல் ஈரத் துணியால் துடையுங்கள், சுவாசத்துக்கு அது நல்லதல்ல. பின்சில்லு ட்றம்முக்குள் இருக்கும் பிறேக் சூவையும் சரிபார்த்து இறுக்குங்கள். அது தளர்ந்திருந்தால் முன்பாட் கூடுதலாக உழைக்க வேண்டி வரும்.

7. பழக்கி எடுங்கள்

புதுப் பாட்டோடு நேரே மலைக்குப் போகக் கூடாது. பரந்தன் பக்கம் வாகனம் குறைந்த நேரத்தில் 60 கிலோமீற்றரில் இருந்து 10 வரை பத்துத் தடவை நிதானமாக மிதித்து இறக்குங்கள். முழுவதும் நிறுத்தி மிதித்தபடியே நிற்க வேண்டாம், அந்த இடத்தில் பாட் டிஸ்க்கில் அச்சுப்போல ஒட்டிவிடும். பிறகு பத்து நிமிடம் பிறேக் பிடிக்காமல் ஓடி ஆறவிடுங்கள். லேசான மணம் வரும், அது சரி.

இப்போது நான் அந்த மலையை ஏறிய கியரிலேயே இறங்குகிறேன். காலைப் பெடலில் வைத்தபடி இருக்காமல், அழுத்தி மிதித்து வேகத்தைக் குறைத்து உடனே விடுகிறேன். இறம்பொடை ஆஞ்சநேயர் கோயிலடியில் நிறுத்தி, நான்கு சில்லுக்கும் ஒரு சாண் தள்ளிக் கையைப் பிடித்துப் பார்ப்பேன். போன தடவை இடது முன்சில்லு மட்டும் வலதைவிடக் கூடச் சுட்டது. வீட்டுக்கு வந்து கழற்றினால், ஒரு கலிப்பர் பின் தூசேறி அசையாமல் நின்றது.