லாபிஸ் லசூலியில் நீர்வண்ணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லாபிஸ் லசூலி என்ற நீலக்கல்லை அரைத்துச் செய்யும் வண்ணத்தை ஆசையாக வாங்கிவிட்டு, நிறமே ஏறவில்லை என்று சலித்துக்கொள்பவர்கள் அதிகம். கடையில் கிடைக்கும் அல்ட்ராமரீன் என்ற நீல வண்ண டியூபின் அடர்த்தியை இதில் எதிர்பார்ப்பதுதான் முதல் தவறு. 1828இல் கிமே என்ற பிரெஞ்சுக்காரர் இந்தக் கல்லின் நீலத்தைச் செயற்கையாகச் செய்ததற்காக, அதாவது செயற்கை அல்ட்ராமரீனுக்காகப் பரிசு பெற்றார். இன்று நம் கண்ணுக்குப் பழகிய நீலம் அப்படி ஆலையில் செய்ததுதான். ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலையில் வெட்டியெடுக்கும் கல்லிலோ நீலத்தோடு வெள்ளைக் கால்சைட்டும் பொன்னிறப் பைரைட்டும் கலந்தே இருக்கும். டியூபில் பிபி 29 என்ற நிறமிக் குறியீடு இருந்தால் மட்டும் அசல் கல் என்று நம்பிவிடாதீர்கள். இரண்டுக்கும் அதே குறியீடுதான்.

கல்லை வாங்கி வீட்டில் அரைப்பவர்கள் மாவாகும்வரை விடுவதில்லை. அரைக்க அரைக்க நீலம் வெளுக்கும், கால்சைட் பொடி அதை மேலும் சாம்பலாக்கும். அதனால்தான் பழைய இத்தாலிய ஓவியர்கள் பொடியைத் தேன்மெழுகு, பைன் பிசினோடு உருட்டிச் சில நாள் வைத்திருந்து, காரநீரில் பிசைந்து நீலத்தை மட்டும் இறக்கினார்கள். முதலில் இறங்குவது உயர்ந்த நீலம், கடைசியில் வருவது சாம்பல் நீலம். அந்தச் சாம்பல் நீலத்தையும் கொட்டிவிடாதீர்கள். தொலைவில் தெரியும் மலைக்கு அதைவிட நல்ல வண்ணம் எனக்குத் தெரிந்து இல்லை.

கால்சைட்டைக் கரைக்கலாம் என்று அமிலம் ஊற்றுவது எல்லாவற்றிலும் மோசம். கால்சைட்டோடு நீலமும் போய்விடும். அழுகிய முட்டை நாற்றம்தான் மிஞ்சும். அரைக்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

பொடியைத் தாளில் ஒட்டவைக்கும் அரபிக் கோந்து குறைந்தால் காய்ந்த வண்ணம் விரலோடு வரும், கூடினால் பளபளத்து வெடிக்கும். ஓரத்தாளில் ஒரு தீற்றல் போட்டு, நன்றாகக் காய்ந்ததும் விரலால் தேய்த்துப் பாருங்கள்.

தீட்டும்போது கை அடங்க வேண்டும். கனமான துகள்கள் சொரசொரப்பான தாளின் குழிகளில் தாமாக இறங்கி உட்காரும். ஈரத்தில் திரும்பத் திரும்பத் தூரிகை ஓட்டினால் அவை கலைந்து திட்டுத்திட்டாகிவிடும். ஒரே ஓட்டில் போட்டுவிட்டு, பலகையைச் சாய்க்காமல் காயவிடுங்கள். அடுத்த பூச்சு முழுக்கக் காய்ந்த பிறகுதான், அதுவும் லேசாக.

அடர்த்தி போதவில்லை என்று தாலோ நீலம் என்ற மிக வலுவான செயற்கை நீலத்தைச் சேர்க்கவும் வேண்டாம். அதில் ஒரு துளியே லாபிஸை விழுங்கிவிடும். ஆழம் வேண்டுமானால் பக்கத்தில் வெதுவெதுப்பான மண்நிறம் ஒன்றை வையுங்கள், நீலம் தானே எழுந்து நிற்கும்.