"185 போட்டுரலாமா சார்?": சின்ன காருக்கு டயர் வாங்கும்போது செய்யக்கூடாதவை

"அண்ணே, ஸ்விஃப்ட்டுக்கு நாலு டயர் என்ன ரேட்?" என்று போனில் கேட்பவர்களுக்குச் சரியான பதில் சொல்லவே முடியாது. 2018-ல் வந்த ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொண்டால், கீழ் வேரியன்ட்டில் டயர் அளவு 165/80 ஆர்14, மேல் வேரியன்ட்டில் 185/65 ஆர்15. வேகன்ஆரில் வருஷத்தையும் வேரியன்ட்டையும் பொறுத்து 145/80 ஆர்13, 155/65 ஆர்14, 165/70 ஆர்14 எல்லாமே உண்டு. காரின் பெயரை வைத்து டயர் அளவைச் சொல்கிற கடைக்காரர் குத்துமதிப்பாகத்தான் சொல்கிறார்.

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அளவும் காற்றழுத்தமும் அதில் போட்டிருக்கும். அது கிழிந்துபோயிருந்தால் மேனுவலைப் பாருங்கள். இப்போது காரில் மாட்டியிருக்கும் டயரைப் பார்த்து அளவு எழுதிக்கொள்வது முதல் கைக் காருக்குச் சரி. இரண்டாம் கையாக வாங்கிய கார் என்றால் முந்தைய ஓனர் ஏற்கெனவே தப்பான அளவைப் போட்டிருக்கலாம். அதையே நீங்களும் தொடர்வீர்கள்.

மொட்டை டயரில் ஓட்டக்கூடாது, பக்கவாட்டில் வீங்கிய டயரை நம்பக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தெரிந்தவர்களே செய்கிற தவறுகளைப் பார்ப்போம்.

நடு எண்ணை மறந்து அகலத்தைக் கூட்டுவது

இதைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் எரிச்சல் தீர்வதில்லை. 165/80 ஆர்14 டயர் கேட்டுப் போகிறீர்கள். கடையில் இல்லை. "185 போட்டுரலாமா சார்? அதே 14 இன்ச்தான், கும்முனு உட்காரும். ரோடு கிரிப் வேற லெவல்ல இருக்கும்" என்று 185/65 ஆர்14-ஐ உருட்டிக்கொண்டு வருவார். ரிம்மில் உட்காரும் என்பது உண்மைதான். சிக்கலே அதில்தான், உட்காராவிட்டால் யாரும் வாங்கப்போவதில்லையே.

165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். நடுவில் உள்ள 80 மில்லிமீட்டர் அல்ல, அகலத்தில் இத்தனை சதவீதம் சைடுவால் (டயரின் பக்கச்சுவர்) உயரம் என்று பொருள். அகலம் மாறினால் அந்தச் சதவீதம் தருகிற உயரமும் மாறிவிடும். பேப்பரில் போட்டுப் பாருங்கள். 165-ல் 80% என்றால் 132. மேலும் கீழுமாக இரண்டு மடங்கு, 264. ஆர்14-ல் உள்ள 14, ரிம்மின் விட்டம், இன்ச்சில். மில்லிமீட்டருக்கு மாற்ற 25.4-ஆல் பெருக்கினால் 355.6. கூட்டினால் டயரின் முழு உயரம் 619.6 மி.மீ. கடைக்காரர் காட்டிய 185/65-க்கு இதே கணக்கு: 185-ல் 65% என்றால் 120.25, இரண்டு மடங்கு 240.5, அதோடு 355.6 சேர்த்து 596.1. அகலமான டயர் என்று வாங்கியது உயரத்தில் 23.5 மி.மீ. குட்டை, அதாவது 3.8%.

முதலில் காரே கிட்டத்தட்ட 12 மி.மீ. இறங்கிவிடும். ஐந்து பேர் ஏறி, டிக்கியில் பெட்டிகளும் இருந்தால், ஊருக்குள் பெயின்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டும். சைடுவால் 132-லிருந்து 120-க்கு வந்துவிட்டதால் பள்ளத்தில் விழும்போது அடியை வாங்க ரப்பர் குறைவு. டயர் வீங்குவதும் ரிம் வளைவதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஓனருக்கோ இதெல்லாம் தெரிவதற்கு முன்னால் இரண்டு சந்தோஷங்கள் வந்துவிடும். "மைலேஜ் கூடிடுச்சு", "பிக்கப்பும் கூடிடுச்சு". மைலேஜ் கூடியது பொய், பிக்கப் பாதி உண்மை. சின்ன டயர் ஒரு கிலோமீட்டருக்கு அதிகச் சுற்று சுற்றும். மீட்டர் சுற்றைத்தான் எண்ணுகிறது, தூரத்தை அல்ல. ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் 1039 என்று காட்டும். வழக்கமாகத் திருச்சியிலிருந்து சென்னைக்கு 330 காட்டிய டிரிப் மீட்டர், அதே வழியில் 343 காட்டும். முன்பு லிட்டருக்கு 18 கொடுத்த கார், அகல டயரின் எடையாலும் உராய்வாலும் உண்மையில் 17.5-க்கு இறங்கியிருந்தாலும் திரையில் 18.2 என்றே வரும். கையில் பெட்ரோல் பில்லை வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறவரும் ஏமாறுவார், ஏனென்றால் அவர் வகுக்கிற தூரமே தப்பு.

பிக்கப் கூடியது போலத் தெரிவதற்குக் காரணம் வேறு. சக்கரம் சின்னதானால் ஒவ்வொரு கியரும் கொஞ்சம் குட்டையான கியர் போல நடந்துகொள்ளும். சிக்னலில் சுறுசுறுப்பாகக் கிளம்பும். நெடுஞ்சாலையில் அதே வேகத்துக்கு இன்ஜின் 4% கூடுதலாகச் சுற்றிக்கொண்டிருக்கும், சத்தமும் கூடும். அது யார் காதிலும் விழுவதில்லை. ஓனர் இரண்டு நண்பர்களையும் அதே கடைக்கு அனுப்பி வைப்பார்.

சோதிக்க எளிய வழி இருக்கிறது. போனில் ஜிபிஎஸ் வேகத்தைக் காட்டும் செயலியைப் போட்டு, காலியான ரோட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான ஸ்பீடோமீட்டர்கள் கம்பெனியிலிருந்து வரும்போதே கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். அதனால் டயர் மாற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை, மாற்றிய பின் ஒரு தடவை என்று இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

அகலம் கூட்டியே ஆக வேண்டும் என்றால் முழு உயரத்தைக் காப்பாற்றுங்கள். 165/80 ஆர்14-க்குப் பக்கத்தில் வருவது 185/70 ஆர்14. அதன் உயரம் 614.6, வித்தியாசம் 5 மி.மீ.தான். கார் கம்பெனியே இப்படித்தான் செய்கிறது. மேலே சொன்ன 185/65 ஆர்15-ன் உயரத்தைக் கணக்கிட்டால் 621.5 வரும். ரிம் ஒரு இன்ச் பெரிதாகியும் கீழ் வேரியன்ட்டோடு வித்தியாசம் 1.9 மி.மீ. மட்டுமே. உயர வித்தியாசம் 3% வரை போகலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். 2%-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது.

எதிர்ப்பக்கம் தவறினால் வேறு தொல்லை. கிராண்ட் ஐ10-ன் 165/65 ஆர்14-க்குப் பதில் 175/70 ஆர்14 போட்டால் உயரம் 570.1-லிருந்து 600.6 ஆகிவிடும், 5.3% அதிகம். மீட்டர் கூட்டிக் காட்டுவதைக் கணக்கில் எடுக்காவிட்டால், அது 95 காட்டும்போது வண்டி 100-ல் போய்க்கொண்டிருக்கும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, ஆள் ஏற்றி, பள்ளத்தில் இறங்கினால் வீல் ஆர்ச் உள்ளே உரசும். கடை வாசலில் காலி வண்டியாக நிற்கும்போது இது தெரியாது.

உயரம் சரியாக வந்தாலும் ரிம் அகலம் ஒத்துவர வேண்டும். இரும்பு ரிம்மின் உள்பக்கத்தில் 14×5ஜே என்பது போல அச்சடித்திருக்கும், இதில் 5 என்பது ரிம்மின் அகலம், இன்ச்சில். ஆல்ட்டோவின் 145/80 ஆர்12-க்கு 165/70 ஆர்12 உயரத்தில் ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், கணக்கு அழகாகப் பொருந்தும். ஆனால் உங்கள் ரிம் 4 இன்ச் அகலம்தான் என்றால் 165 அதில் உட்காரவே கூடாது. குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் பட்டன் பகுதி (தரையில் படும் ரப்பர்) நடுவில் மேடாகிவிடும், தரையில் நடுப்பகுதி மட்டுமே படும். நடு தேய்ந்து, ஓரம் புதுசு போலவே இருக்கும். வளைவில் ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கேட்கும்.

அகல டயர் என்றாலே கிரிப் என்ற நம்பிக்கை ஐப்பசி, கார்த்திகை மழையில் செல்லாது. ரோட்டில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது குறுகிய டயர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தரையைத் தொடும். அதே எடையுள்ள காரில் அகல டயர் குறைந்த வேகத்திலேயே தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கிவிடும்.

லோடு எண்ணைப் படிக்காதது

அளவுக்குப் பின்னால் 85டி, 79டி என்று ஒன்று இருக்கும். எண், ஒரு டயர் தாங்கும் எடை. எழுத்து, அதிகபட்ச வேகம் (எஸ் 180, டி 190, எச் 210 கி.மீ.). 79 என்றால் 437 கிலோ, 81 என்றால் 462, 85 என்றால் 515. "165, 14 இன்ச்" என்று மட்டும் சொல்லி ஆர்டர் போட்டால் 165/80-ம் வரலாம், 165/65-ம் வரலாம். முன்னதில் வழக்கமாக 85, பின்னதில் 79. டயருக்கு 78 கிலோ குறைவு. லோடு எண் கூடலாம், ஸ்டிக்கரில் உள்ளதற்குக் கீழே போகவே கூடாது. வேக எழுத்துக்கும் அதுதான் விதி.

உழைக்கும் என்று எல்.டி. டயர் போடுவது

145 ஆர்12 எல்.டி. (லைட் டிரக்) என்று நடு எண்ணே இல்லாமல் ஒரு டயர் உண்டு. ஆம்னி மாதிரி வேனுக்கும் மினி லாரிக்கும் உரியது. ஆல்ட்டோ ரிம்மிலும் ஏறிவிடும் என்பதால் "ரொம்ப நாள் உழைக்கும்" என்று போட்டுவிடுவார்கள். சரக்கு ஏற்றுவதற்காகச் சைடுவாலைக் கெட்டியாகச் செய்த டயர் அது. ஆல்ட்டோ எடைக்கு அது வளைந்தே கொடுக்காது. குதித்துக்கொண்டே போகும், ஈரத்தில் பிரேக் நீளும்.

"ஆல் சீசன்" என்ற எழுத்துக்குக் காசு கொடுப்பது

குளிர்காலம் உள்ள நாடுகளில் இது பெரிய விஷயம். வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரணக் கோடை டயரின் ரப்பர் இறுகிவிடும், அதற்காக வந்ததுதான் ஆல் சீசன். தமிழ்நாட்டுச் சமவெளியில் அந்த 7 டிகிரி வருவதே இல்லை. ஊட்டி மாதிரி மலை ஊர்களில் உறைபனி விழுகிற மார்கழி, தை இரவுகள்தான் விதிவிலக்கு. எம் பிளஸ் எஸ் என்ற குறி, சேறுக்கும் பனிக்கும் ஏற்றது என்று தயாரிப்பாளர் தானே போட்டுக்கொள்வது. பனியில் ஓட்டிச் சோதித்ததற்கான குறி, மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் பனித்துகளும். மணாலி, லே பக்கம் குளிரில் போகிறவர் அதைத் தேடட்டும்.

சேலத்திலும் மதுரையிலும் ஓட்டுகிறவருக்கு முக்கியம் வெயிலும் மழையும்தான். சைடுவாலில் டெம்பரேச்சர் என்று போட்டு ஏ, பி, சி-யில் ஒன்று இருந்தால் ஏ-யை எடுங்கள். டிராக்ஷன் என்று இருந்தால் ஏஏ அல்லது ஏ, அது ஈரத்தில் பிரேக் பிடிப்பதற்கான தரம். ட்ரெட்வேர் எண்ணை மட்டும் ஒரே பிராண்டுக்குள்ளேயே ஒப்பிடுங்கள். அந்த எண்ணை ஒவ்வொரு கம்பெனியும் தானே மதிப்பிட்டுப் போட்டுக்கொள்கிறது.

இரண்டு மட்டும் மாற்றி, புதுசை முன்னால் போடுவது

"இழுக்கிறதே முன் சக்கரம்தானே சார்" என்று முன்னால்தான் மாட்டுவார்கள். புதுசு பின்னால் போக வேண்டும். ஈர ரோட்டில் முன் டயர் வழுக்கினால் ஸ்டியரிங்கில் உணர்வீர்கள், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். பின் டயர் வழுக்கினால் வால் சுழன்று வண்டியே திரும்பிவிடும், சாதாரண டிரைவருக்கு அதைச் சமாளிக்க நேரம் இருக்காது. பழசு இரண்டும் முன்னால் வேகமாகத் தேயும், தேயட்டும். பட்டன் பள்ளத்தில் உள்ள தேய்மானக் கட்டையைத் தொட்டதும் (பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ.) மாற்றிக்கொள்ளலாம்.

தேதி

சைடுவாலில் ஓவல் கட்டத்துக்குள் நான்கு இலக்கம். 2324 என்றால் 2024-ன் 23-ஆவது வாரம். வெளிப்பக்கம் காணவில்லை என்றால் உள்பக்கம் பாருங்கள். ஒரு வருஷத்துக்குள் தயாரானதாகக் கேளுங்கள். இரண்டு வருஷத்தைத் தாண்டியதை ஆஃபரில் கொடுத்தாலும் வேண்டாம்.

அம்புக்குறி

அம்பு போட்ட டயர் அந்தத் திசையில்தான் சுற்ற வேண்டும், "வெளிப்பக்கம்" என்று ஆங்கிலத்தில் அச்சடித்த பக்கம் வெளியேதான் இருக்க வேண்டும்.

நெக்

காற்று அடிக்கிற வால்வைத்தான் நெக் என்பார்கள். டயரோடு சேர்த்து மாற்றுங்கள்.

காற்று

சைடுவாலில் உள்ள 44, 51 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) எல்லாம் உச்ச வரம்பு. காற்று அடிப்பது கதவுத் தூண் ஸ்டிக்கரில் உள்ள பிஎஸ்ஐ-க்குத்தான், அதுவும் டயர் ஆறியிருக்கும்போது.

பழைய டயரைப் பார்க்காமல் எக்ஸ்சேஞ்சில் தள்ளுவது

கழற்றியதும் தரையில் படுக்க வைத்து விரலால் தடவிப் பாருங்கள். உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) தவறியிருக்கிறது. இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவாகவே ஓடியிருக்கிறது. நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம். அங்கங்கே பள்ளம் பள்ளமாக இருந்தால் ஷாக் அப்சார்பர் போயிருக்கும். காரணத்தைச் சரி செய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அப்படியேதான் தேயும். பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டையும் அன்றைக்கே முடித்துவிடுங்கள். வீல் நட்டை ஏர் கன்னால் முறுக்கி முடிப்பதை அனுமதிக்காதீர்கள். கடைசி முறுக்கு டார்க் ரெஞ்சில் (முறுக்கும் விசையை அளக்கும் ஸ்பானர்), மேனுவலில் உள்ள அளவுக்கு. 50 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு தடவை சரிபாருங்கள்.

ஸ்டெப்னி

நான்கை மட்டும் அளவு மாற்றிவிட்டு ஸ்டெப்னியை அப்படியே விட்டால், பஞ்சரான அன்றைக்கு முன் சக்கரங்களில் ஒரு பக்கம் 596 மி.மீ., மறு பக்கம் 620 மி.மீ. உயரம் என்று சுற்றும். நேர் ரோட்டில்கூட டிஃபரன்ஷியலுக்கு (இரு பக்கச் சக்கரமும் வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர்) ஓய்வு இருக்காது, வண்டி ஒரு பக்கம் இழுக்கும், ஏபிஎஸ் விளக்கும் எரியலாம். அப்படிப்பட்ட ஸ்டெப்னியைப் பின் சக்கரத்தில் மட்டும் போடுங்கள். முன் டயர் பஞ்சரானால் பின்னால் உள்ளதை முன்னுக்குக் கொண்டுவந்து, ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டி, 80-ஐத் தாண்டாமல் அடுத்த பஞ்சர் கடை வரை போய்ச் சேருங்கள்.