கடனட்டையை நம்பி ஊருக்குப் போகிறவர்களுக்கு

சென்ற வருடம் நல்லூர்த் திருவிழாவுக்காக ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணம் போனபோது என்னிடம் இரண்டு கடனட்டைகளும் ஒரு டெபிட் அட்டையும் இருந்தன. மூன்றும் ஒரே வங்கியுடையவை. புறப்படுவதற்கு முன்பு வங்கியை அழைத்து இலங்கைக்குப் போகிறேன் என்று சொன்னேன். இப்போதெல்லாம் அப்படி அறிவிக்கத் தேவையில்லை, எங்கள் கணினியே கவனித்துக்கொள்ளும் என்றார்கள். முதல் பத்து நாள்களும் கொழும்பு விடுதியிலும் யாழ்ப்பாணத்துப் புடவைக் கடையிலும் அட்டை ஒழுங்காகவே வேலை செய்தது.

பதினோராம் நாள், சனிக்கிழமை காலை, பெரியம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோனது. போதனா வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்பதால் அக்கா அங்கே கொண்டுபோகத்தான் ஆயத்தமானார். சத்திரசிகிச்சைக்குக் காத்திருக்க நேரலாம், தனியார் வைத்தியசாலைக்குப் போவோம், காசை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவன் நான். என்னை வளர்த்தவர் பெரியம்மா. முப்பது வருடங்களாக அவருடைய ஒரு காய்ச்சலுக்குக்கூட நான் பக்கத்தில் இருந்ததில்லை. அந்த வார்த்தையைச் சொல்ல நான் காட்டிய அவசரத்துக்கு வேறு காரணம் இல்லை.

வைத்தியசாலையில் முற்பணமாக மூன்று இலட்சம் ரூபா கேட்டார்கள். காசாளர் அட்டையைச் செருகினார், இயந்திரம் மறுத்தது. இன்னும் இரண்டு தடவை செருகச் சொன்னேன், பிறகு இரண்டாவது அட்டையைக் கொடுத்தேன், அதன் பிறகு டெபிட் அட்டையையும் கொடுத்தேன். இங்கேதான் முதல் தவறைச் செய்தேன். ஓர் அட்டை ஒருமுறை மறுக்கப்பட்டால் திரும்பத் திரும்ப முயலக் கூடாது. பத்து நாள்களாகச் சிறு தொகைகள் போன அட்டையில், வெளிநாட்டில், திடீரென ஒரு பெருந்தொகை வந்ததும் மோசடியைக் கண்காணிக்கும் கணினி அதைத் தடுத்தது. அடுத்தடுத்து வந்த முயற்சிகள் திருடனுடைய அவசரத்தைப் போலத் தெரிந்திருக்க வேண்டும். என் பெயரில் இருந்த மூன்று அட்டைகளும் நிறுத்தப்பட்டன. இது நீங்கள்தானா என்று கேட்டு வங்கி அனுப்பிய குறுஞ்செய்தி என் கனடா இலக்கத்துக்குப் போயிருந்தது. அந்த சிம்மைக் கழற்றிக் கடவுச்சீட்டு உறைக்குள் வைத்துவிட்டு உள்ளூர் சிம்மைப் போட்டிருந்தேன்.

அட்டையின் பின்னால் இருக்கும் இலவச இலக்கம் இலங்கையிலிருந்து கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து அழைப்பதற்கென்று, கட்டணத்தை வங்கியே ஏற்கும் வேறோர் இலக்கம் சிறிய எழுத்தில் இருக்கும். அப்படிப்பட்ட அழைப்பை என் கைத்தொலைபேசியிலிருந்து எடுக்க முடியவில்லை. ஆகவே என் செலவிலேயே அழைத்து, பெரியம்மா தள்ளுவண்டியில் முனகிக்கொண்டிருக்க, நாற்பது நிமிடங்களுக்கு மேல் இசை கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் பேசியவர் வேறு பிரிவுக்கு மாற்றும்போது இணைப்பு அறுந்தது. இரண்டாவது பெண்மணி என் பிறந்த தேதியையும் முகவரியையும் கடைசியாக வாங்கிய பொருளையும் விசாரித்தார், எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னேன். பிறகு, பதிவு செய்த இலக்கத்துக்கு ஒரு குறியீடு அனுப்புகிறேன், அதை வாசியுங்கள் என்றார். அந்த இலக்கம் இப்போது இயங்கவில்லை, நான் வைத்தியசாலையில் நிற்கிறேன் என்று சொன்னேன். அப்படியானால் அடையாள அட்டையுடன் கிளைக்கு நேரில் வாருங்கள் என்றார். நான் நிற்கும் இடத்தை மூன்று தடவை சொன்ன பிறகும் அவர் அதே வசனத்தையே திருப்பிச் சொன்னார். அவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனாலும் இருபது வருட வாடிக்கையாளனுக்கு, ஆபத்து நேரத்தில், எழுதிக் கொடுத்த வசனத்துக்கு அப்பால் ஒரு சொல்லைச் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை என்பதை என்னால் இன்னமும் ஏற்க முடியவில்லை.

கனடா சிம்மைத் திரும்பப் போட்டேன். ரோமிங், அதாவது வெளிநாட்டிலும் அந்த இலக்கம் இயங்கும் வசதி, நிறுத்தப்பட்டிருந்தது. அதைத் திறக்கத் தொலைபேசி நிறுவனத்தின் கணக்குக்குள் போனால், அதுவும் அதே இலக்கத்துக்குத்தான் குறியீடு அனுப்பியது. கோடை காலத்தில் யாழ்ப்பாணம் ரொறன்ரோவை விட ஒன்பதரை மணித்தியாலம் முன்னால் இருக்கிறது. அங்கே நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி, மனைவி தொலைபேசியை எடுக்கவில்லை.

அப்போதுதான் அக்கா என்னைத் தனியே கூப்பிட்டு, "விடு தம்பி, நான் பாத்துக்கொள்ளுறன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். ஒரு மணித்தியாலத்தில் காசோடு திரும்பி வந்தபோது அவர் கையில் காப்புகள் இல்லை. கஸ்தூரியார் வீதிப் பக்கம் அடைவு வைத்திருந்தார். மாலையில் மனைவி எழுந்து, தொலைபேசிக் கணக்கு அவருடைய பெயரில் இருந்ததால் ரோமிங்கைத் திறந்து கொடுத்தார். குறியீடு வந்தது, நான்கு நிமிடங்களில் மூன்று அட்டைகளும் உயிர்பெற்றன. செவ்வாய்க்கிழமை காப்புகளை மீட்டோம். வட்டியை நான் கட்ட அக்கா விடவில்லை.

ஆகவே ஊருக்குப் போகிறவர்கள் முதலில் தங்கள் தொலைபேசி இலக்கத்தைக் கவனியுங்கள். வெளிநாட்டில் இருக்கும்போது வங்கிக்கு நீங்கள் யாரென்று காட்டுவது பெரும்பாலும் அந்த இலக்கம்தான். இரண்டு சிம் போடக்கூடிய தொலைபேசியோ இ-சிம்மோ இருந்தால் வீட்டு இலக்கத்தைக் கழற்றாதீர்கள். ரோமிங்கில் குறுஞ்செய்தி பெறக் கட்டணம் உண்டா என்று கேட்டு, புறப்படும் முன்பே அதைத் திறந்து வையுங்கள். வங்கியின் செயலி மூலம் உறுதிப்படுத்தும் வசதி இருந்தால் அதற்கு மாறிவிடுங்கள். வைஃபை இருந்தாலே அது போதும். வெளிநாட்டிலிருந்து அழைக்கும் இலக்கத்தைத் தாளில் எழுதி வையுங்கள், அட்டை தொலைந்தால் அதிலுள்ள இலக்கமும் சேர்ந்தே தொலையும்.

இரண்டாவது அட்டை வேறு வங்கியுடையதாக இருக்கட்டும். துணைவரின் பெயரில் எடுத்த மேலதிக அட்டை அதே கணக்கில் இருப்பதால் ஆபத்துக்கு உதவாது. கடனட்டையால் ஏ.ரி.எம்.மில் காசு எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், அதற்கு டெபிட் அட்டையைப் பயன்படுத்துங்கள். கடையில் இயந்திரம் டொலரிலா ரூபாவிலா என்று கேட்டால் ரூபாவைத் தெரிவு செய்யுங்கள். டொலரைத் தெரிவு செய்தால் மாற்று விகிதத்தைக் கடையின் பக்கத்தவர்களே தீர்மானிப்பார்கள், பெரும்பாலும் அது நமக்கு நட்டம். கனடாவின் பல அட்டைகள் வெளிநாட்டுச் செலவுக்கு 2.5 வீதம் மேலதிகமாக அறவிடுகின்றன என்பதையும் கணக்கில் எடுங்கள். கையில் ஓரளவு காசு கொண்டுபோவது நல்லது, 10,000 கனடிய டொலரோ அதற்கு மேலோ என்றால் கனடாவை விட்டு வெளியேறும்போது அறிவிக்க வேண்டும்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். காசு கையில் வரும்வரை உறவினர் முன்னால் பொறுப்பை ஏற்றுப் பேசாதீர்கள். நம் சொல்லை நம்பித்தான் அவர்கள் இலவச வைத்தியசாலையை விட்டு வருகிறார்கள், அந்தச் சொல் பொய்த்தால் தங்கள் கையில் இருப்பதைக் கழற்றுகிறார்கள். இந்த வருடம் பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே அக்காவின் வங்கிக் கணக்குக்கு மூன்று இலட்சம் ரூபா அனுப்பி வைத்தேன். அதைத் தொடவில்லை, அப்படியே கிடக்கிறது என்று போன ஞாயிற்றுக்கிழமை சொன்னார். பெரியம்மா தடியை ஊன்றிக்கொண்டு கிணற்றடி வரை நடக்கிறாராம்.